நெல் வரைந்த வீடு: மன்னார்குடியின் கடையும் குடியிருப்பும்

மன்னார்குடிப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவரிடம் வீடு எப்போது கட்டியது என்று கேட்டால், கொல்லையில் அடுக்கி வைத்திருக்கும் சீமை ஓடுகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டுபவர்கள் உண்டு. அடிப்புறத்தில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். அதையே வீட்டின் வயதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் 1865 என்பது மங்களூர் ஜெப்புவில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஆலை அது. பின்னாளில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேரோக்கில் திறந்த ஆலையின் ஓட்டிலும் அதே எண்ணைத்தான் பதித்தார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போன பின்பும் எண் மாறவில்லை. ஆகவே 1865 என்று சொல்லும் ஓடு 1890இல் சுட்டதாகவும் இருக்கலாம், 1930இல் சுட்டதாகவும் இருக்கலாம்.

கோயில்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. வீடுகளுக்குக் கல்வெட்டு கிடையாது. பத்திரம் மனையின் நான்கெல்லையைச் சொல்லும், கட்டிடத்தைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதிகம். அதனால் வீட்டை வீட்டைக் கொண்டேதான் படிக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய பழைய செங்கலா, தடித்த புதிய செங்கலா என்று பார்க்க வேண்டும். சாந்து சுண்ணாம்பா சிமெண்டா, தூண் பர்மா தேக்கா உள்ளூர் மரமா என்று பார்க்க வேண்டும். உத்திரத்துக்குப் பதில் இரும்புக் கர்டர் போட்டிருந்தால் அதில் உருட்டுப் பதித்த பெயரைத் தேடலாம். தமிழ்நாட்டுப் பழைய கடைத்தெருக் கட்டிடங்களில் டார்மன் லாங், மிடில்ஸ்பரோ என்ற இங்கிலாந்துப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். டாடா என்றிருந்தால் ஜாம்ஷெட்பூர் ஆலை எஃகு உருக்கத் தொடங்கிய 1912க்குப் பிற்பட்டது என்று துணிந்து சொல்லலாம். பர்மாத் தேக்கு வரத்து 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு நின்றது. ஆக நல்ல பர்மாத் தூண் நிற்கும் கூடம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால், மன்னார்குடியில் இன்று மிஞ்சியிருக்கும் பழைய கடைகளும் வீடுகளும் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் நடுவில் இன்றைய உருவம் பெற்றவை என்பது என் கணிப்பு. மன்னார்குடி நகராட்சியானதும் 1866இல்தான்.

கட்டியவை அந்தக் காலத்தவை, கட்டும் முறை அதைவிட மிகப் பழையது. அந்த முறையைத் தீர்மானித்தது மண். வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. பாமணியாறு மன்னார்குடியைத் தொட்டுக்கொண்டு தெற்கே போகிறது. ஆறுகள் கொண்டு வந்து கொட்டிய வண்டல்தான் ஊர் முழுக்க. எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும், பாறை வராது. ராஜகோபாலசாமி கோயிலுக்குக் கல்லை வெளியிலிருந்து கொண்டுவர அரசனால் முடிந்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் தொடங்கிய கோயில் அது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் விஜயராகவன் அதைப் பெரிதாக விரித்துக் கட்டினான். குடிகளுக்கு வாய்த்தது களிமண்தான். களிமண்ணைச் சூளையில் வைத்தால் செங்கல், சக்கரத்தில் ஏற்றினால் நாட்டு ஓடு, குழைத்து வளையம் வளையமாக அடுக்கினால் குதிர். அதையே மெழுகினால் தரை. கைமரத்துக்குப் பனை, கூரைக்குத் தென்னங்கீற்றும் வைக்கோலும், சுண்ணாம்புக்குக் கடற்கரைக் கிளிஞ்சல். கல் என்று பார்த்தால் வாசற்படி, தூணுக்கு அடியில் வைக்கும் பீடம், அம்மி, உரல், ஆட்டுக்கல் ஆகியவற்றோடு சரி. செட்டிநாட்டு மாளிகையின் கல்தூணையும் ஆத்தங்குடித் தரையையும் மனதில் வைத்துக்கொண்டு மன்னார்குடிக்கு வருபவருக்கு இந்த வீடுகள் ஏழையாகத் தெரியும். செட்டிநாட்டு வீட்டைக் கட்டியது கடல் கடந்து ஈட்டிய பணம். இங்கே கட்டியது காலடி மண்.

தெருக்களை வகுத்தது கோயில். சாமி புறப்பாட்டுக்குத் தேவைப்பட்ட அகலத்தில் ராஜவீதிகள் அமைந்தன. சுமார் 23 ஏக்கர் பரப்புள்ள ஹரித்ராநதி என்ற தெப்பக்குளத்தின் நான்கு கரையிலும் வீட்டு வரிசைகள் எழுந்தன. பங்குனிப் பெருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று தவழும் கிருஷ்ணனாகப் பல்லக்கில் வரும் சாமிமேல் ஊர்ஜனம் வெண்ணெய் வீசும். அந்தக் கூட்டத்தைத் தாங்கத் தெரு அகலமாக இருக்க வேண்டும், தெருவைப் பார்த்து உட்கார ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் வேண்டும். ஆகத் தெருமுகம் எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. மனைகள் அகலம் குறுகி ஆழம் நீண்டன. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, முன்னே தெருவையும் பின்னே கொல்லையையும் மட்டும் திறப்பாக வைத்துக்கொண்ட நீள வீடு இப்படித்தான் உருவானது. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வர வேண்டும். முற்றம் அதனால் வந்தது.

இந்த வீட்டுக்குள் நடந்து பார்த்தால் தெரியும், ஒவ்வொரு பகுதியும் முந்தியதைவிடக் கொஞ்சம் உள்ளடங்கியது. தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் திண்ணை. வாசலுக்கு இருபுறமும் பெரிய திண்ணையும் சின்னத் திண்ணையும் இருக்கும். படுத்தால் தலை வைக்கச் சாய்வாகக் கட்டிய மேடும் சில திண்ணைகளில் உண்டு. சாய்ப்பைத் தாங்க ஒல்லியான மரத்தூண்கள். நிலைக்கதவைத் தாண்டினால் இருட்டும் குளிர்ச்சியுமான ரேழி. அதைத் தாண்டினால் கூடம். நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம். கூடத்தை ஒட்டிக் காமரா உள். அப்பால் இரண்டாம் கட்டு, சமையற்கட்டு, கிணற்றடி, மாட்டுக் கொட்டில், கடைசியாகக் கொல்லை. வாசற்கதவும் கொல்லைக்கதவும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், தெருவில் நின்று பார்த்தால் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கடைசியில் கொல்லைத் தென்னை தெரியும். காற்று அதே கோட்டில் வரும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போக, ரேழியின் குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். சித்திரை வெயிலில் கூடத்தில் படுக்க முடிந்ததற்கு இதுதான் காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு பக்கத்துக் கூரையும் தன் நீரை முற்றத்தில் கொட்டும். கூரைகள் சந்திக்கும் கூடல்வாயில் தண்ணீர் தடியாக விழும். அங்கே அண்டாவை வைத்துப் பிடித்தார்கள். மிச்சம் தாரை வழியாகக் கொல்லைக்கோ தெருவுக்கோ போகும். வீட்டுக்குள் மழை பெய்ய விடுவது ஆபத்தான காரியம். தளவாட்டம் ஒரு விரல் தவறினாலும் கூடம் நனையும். வடகிழக்குப் பருவமழையின் அளவை அறிந்த கொத்தனார்தான் அதைச் செய்ய முடியும்.

இதுவரை சொன்னது காவிரிப் படுகை எங்கும் பொருந்தும். மன்னார்குடி போன்ற சந்தையூருக்கு உரிய சிறப்பு, இந்த வீட்டின் முகத்தில் கடை ஒட்டிக்கொண்ட விதத்தில் இருக்கிறது. பெரிய கடைத்தெரு, பந்தலடி, தேரடி வட்டாரத்துப் பழைய கட்டிடங்களைப் பார்த்தால், கடையென்று தனியாக ஒன்றை யாரும் முதலில் யோசித்ததாகவே தோன்றாது. வீட்டின் ஒரு திண்ணையை உயர்த்தி, முன்னால் பலகை போட்டு அடைத்தால் அது கடை. மறு திண்ணை திண்ணையாகவே இருந்து வருபவர்களை உட்கார வைத்தது. இரண்டுக்கும் இடையே ஒரு ஆள் போகும் அகலத்தில் நடை. குடும்பத்துப் பெண்கள் வாடிக்கைக்காரர் கண்ணில் படாமல் உள்ளே போய்வர அந்த நடை.

கடையை அடைத்தவை நிலைப்பலகைகள். கீழே வாசற்படியிலும் மேலே விட்டத்திலும் ஒரு காடி வெட்டியிருக்கும். ஒரு முனையில் மட்டும் காடி திறந்திருக்கும். பலகைகளை அந்த முனை வழியாக ஒவ்வொன்றாக நுழைத்துத் தள்ள வேண்டும். வரிசை மாறினால் பொருந்தாது என்பதால் பலகைமேல் எண் எழுதியிருக்கும். கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டையும் பூட்டும். காலையில் கழற்றிய பலகைகளில் இரண்டு சரக்குப் பரப்பும் மேடையாகும், ஒன்று வாடிக்கைக்காரர் உட்காரும் பெஞ்சாகும். தேவைக்கேற்ப நான்கு பலகையை மட்டும் எடுத்து அரைக்கடை திறக்கலாம். துக்க வீடு தெருவில் இருந்தால் ஒரே பலகையை எடுத்துவிட்டு வியாபாரம் நடக்கும். இரும்பு ஷட்டருக்குத் திறப்பதும் மூடுவதும் மட்டும்தான் தெரியும்.

உள்ளே முதலாளி உட்காரும் இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். சற்று உயர்ந்த மேடை, கல்லாப்பெட்டி, சாய்வு மேசைமேல் நாள்வழியும் பேரேடும். அங்கே உட்கார்ந்தால் முன்னே தெருவும், பக்கத்தில் தராசும், பின்னால் கதவு வழியே ரேழியும் தெரியும். சரக்கு மூட்டைகள் பின்னறையில், மேலே பரணில். விளக்குக்குச் சுவரில் மாடக்குழி. குடும்பத்தலைவர் பெட்டியடியை விட்டு எழுந்திருக்காமல் வீட்டையும் வியாபாரத்தையும் ஒருசேரப் பார்த்தார் என்றால், அதற்குக் கட்டிடமும் உதவியது. மன்னார்குடிக்கு அருகே தேவங்குடியில் 1921இல் பிறந்த தி. ஜானகிராமன் எழுதிய செம்பருத்தி நாவலின் நாயகன் சட்டநாதனும் கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்குபவன்தான். வீட்டுத் துயரத்துக்கும் கடைக் கணக்குக்கும் நடுவே ஒரு கதவு மட்டுமே இருந்த வாழ்க்கையை அந்த நாவலைப் போல உணர்த்தும் ஆவணம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

கடையும் வீடும் ஏன் இவ்வளவு நெருங்கியிருந்தன என்ற கேள்விக்கு என் விடை நெல். தஞ்சைப் பகுதியில் கூலி நெல்லாகக் கொடுக்கப்பட்டது. குத்தகை நெல்லாக அளக்கப்பட்டது. நாவிதருக்கும் வண்ணாருக்கும் தச்சருக்கும் களத்திலேயே நெல் போயிற்று. மரக்கால்தான் நாணயம் என்று சொன்னாலும் தவறில்லை. 12 மரக்கால் ஒரு கலம், ஒரு கலம் நெல் ஏறத்தாழ 29 கிலோ. உப்பு, புளி, மிளகாய், எண்ணெய் வாங்க வருபவர் மடியில் நெல்லைக் கட்டிக்கொண்டு வருவார். கடைக்காரர் அதை அளந்து வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுப்பார். அறுவடை வரை கடன் கொடுத்தவருக்கும் நெல்லாகவே திரும்பும். ஆகக் கடைக்காரருக்குக் காசு வைக்கப் பெட்டி போதாது, நெல் வைக்கப் பத்தாயம் வேண்டும். பத்தாயம் வைக்க ஈரமில்லாத, எலி வராத, கண்பார்வையில் உள்ள இடம் வேண்டும். அது கூடத்திலோ தாழ்வாரத்திலோதான் கிடைக்கும். காசு முன்வாசலால் வந்தது. வண்டி நெல்லோ, கொல்லைச் சந்து இருந்த வீடுகளில், பின்வாசலால் வந்தது. கொல்லையில் காய்ந்து, இரண்டாம் கட்டில் அவிந்து, முற்றத்தில் மறுபடி காய்ந்து, உரலில் குத்துப்பட்டு, கூடத்துப் பத்தாயத்துக்கோ முன்கட்டுக் கடைக்கோ போயிற்று. இன்று நாம் அழகுக்காக ரசிக்கும் முற்றம் அன்று வேலைத்தளம். புழுங்கல் அரிசியை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவருக்கு அந்த வீட்டின் தரைத்திட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் தெரியும்.

அந்த வேலையைச் செய்தவர்கள் வீட்டுப் பெண்களும் கூலிப்பெண்களும். நெல் அவிக்கும் புகை, தவிடு, உலக்கைச் சத்தம் எல்லாம் பின்கட்டில். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அரிசி ஆலைகள் பரவியதும் வீட்டிலிருந்து முதலில் வெளியேறியது உரலும் உலக்கையும். கூலிப்பெண்களின் ஒரு வருமானமும் அதோடு போயிற்று. கட்டிடக்கலை நூல்கள் இதை எழுதுவதில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். திண்ணை எல்லோரையும் வரவேற்றது என்று நாம் உருகிச் சொல்கிறோம். வழிப்போக்கர் தூங்கினார், பிள்ளைகள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்பதெல்லாம் உண்மை. உ.வே. சாமிநாதையர் தலைமுறை அப்படித்தான் எழுத்துக் கற்றது. ஆனால் யார் திண்ணையில் உட்காரலாம், யார் படிக்குக் கீழே நிற்க வேண்டும், யார் ரேழி வரை, யார் கூடம் வரை என்பதைச் சாதி வகுத்திருந்தது. தஞ்சை மாவட்ட ஊர்களை ஆராய்ந்த இருவரின் எழுத்தில் இது தெளிவாக இருக்கிறது. கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்திலும் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இலும் வந்து தங்கி ஆராய்ந்தார்கள். அக்கிரகாரத்தில் வீடெடுத்துத் தங்கிய பெத்தேய், அதனாலேயே சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியாமற்போனதையும் எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஆய்வாளரையே அந்தத் தெருவமைப்பு ஓர் இடத்தில் நிறுத்திவிட்டது. கடைமுன்னும் இதே கதைதான். நெல்லைத் தொலைவில் கொட்டிவிட்டுச் சரக்கைத் தொலைவிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்த மனிதர்கள் உண்டு. அந்த உயரமான பெட்டியடியும் பலகை மேடையும் அவர்களுக்கு வேறொன்றாகத் தெரிந்திருக்கும்.

பண்ணையாளின் வீடோ பெரும்பாலும் மிராசுதாரின் நிலத்தில் நின்றது. வேலையை விட்டால் குடிசையும் போகும். கீற்றும் மூங்கிலும் மண்ணும் கொண்டு கட்டிய அந்த ஒற்றை அறைக்குத் திண்ணையும் கிடையாது, பத்தாயமும் கிடையாது. அடுக்கி வைக்க நெல் இருந்தால்தானே. 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆளை ஓரளவு காத்தது, மனையைத் தரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த, பண்ணைக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவருக்கே உடைமையாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. காவிரிப் படுகையின் வீட்டு வரலாற்றில் எந்தத் தேக்குத் தூணையும்விட முக்கியமான நிகழ்வு அந்தச் சட்டம் என்பேன். பழைய வீடுகளைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் அந்த வீட்டின் பத்தாயத்தை நிரப்பியவர்களின் வீட்டையும் சேர்த்து வரையாவிட்டால், வரைபடம் பாதிதான்.

கூரைக்கு வருவோம். சீமை ஓடு வருவதற்கு முன் இங்கே இருந்தது குயவர் செய்த நாட்டு ஓடு. பனங்கைமீது மூங்கில் பிளாச்சு பரப்பி, ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினார்கள். கனமான கூரை அது. காற்று இடுக்குகளில் புகுந்து வரும், வெயில் கீழிறங்காது. ஆனால் அணிலும் குரங்கும் பூனையும் புரட்டிவிடும். ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆளை ஏற்றி ஓடு மாற்ற வேண்டும். ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் சீமை ஓட்டுக்கு அந்த வேலை குறைவு, கூரையும் இலேசு. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. பிற்பாடு நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குக் கிளைப் பாதையும் வந்தது. ரயில் வந்தபிறகு ஓடு மாதிரிக் கனமான சரக்கை உள்ளூருக்குக் கொண்டுவருவது எளிதாயிற்று. கடைக்காரரும் மிராசுதாரரும் முன்கட்டுக்குச் சீமை ஓடு போட்டார்கள். பின்கட்டில் நாட்டு ஓடே நீடித்த வீடுகள் நிறைய. தெருவில் போகிறவர் பார்ப்பது முன்கட்டைத்தானே.

வசதி கூடியவர்கள் முன்பகுதிக்கு மேல் மெத்தை எடுத்தார்கள். மரச்சட்டங்களுக்குக் குறுக்கே மெல்லிய செங்கலைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டினார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் இந்தத் தளம் நன்றாகப் போட்டால் நூறு வருஷம் ஒழுகாது. சாந்துக்கான சுண்ணாம்பை நீற்றி, புளிக்க வைத்து, மணலோடு வட்டக் குழியில் மாடு கட்டிக் கல் உருளையால் அரைத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்தார்கள். இவை வெறும் நம்பிக்கையல்ல. சர்க்கரைப் பொருள் சேர்ந்த சாந்து குறைந்த நீரில் இணங்கி, நிதானமாக இறுகி, வெடிப்பு குறைவாகத் தருகிறது.

இந்தச் சுவர் மூச்சுவிடும். அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிவிடும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் படுகையில் இது உயிர்நாடியான குணம். 1960களுக்குப் பிறகு வந்த சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்தது. ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சில வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, கூடவே செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. உடனே, பழைய சுவர் உளுத்துவிட்டது, இடித்துவிடலாம் என்று முடிவு. காரணம் சுவரில் இல்லை, அதன்மேல் போட்ட மருந்தில் இருந்தது. பழைய வீட்டுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள் என்ற ஒரே வாக்கியம் ஊர் ஊராகப் போயிருந்தால் எத்தனையோ வீடு பிழைத்திருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறி மன்னார்குடி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தைத் துவம்சம் செய்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, ஓடுகள் பறந்தன. பறந்த ஓட்டுக்கு மாற்று ஓடு கிடைக்காத இடத்தில் தகரம் ஏறியது. ஓடு போட்ட கைமரத்தில் தகரம் போட்டால் மழையில் காது செவிடாகும், வெயிலில் கூடம் கொதிக்கும். அதன்பின் அந்த வீட்டில் இருக்க யாருக்கும் பிடிக்காது.

புயலைவிடக் கணக்கு பெரிய அழிவைச் செய்தது. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்றது, 1970இல் அது 15 ஆனது. உழுதவருக்கு நிலம் போக வேண்டியது நியாயம். பெரிய வீட்டைப் பராமரிக்கும் பெரிய வருமானம் அதோடு குறைந்தது என்பதும் உண்மை. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கியது. வீட்டுக்குள் நெல் வருவது நின்றது. பத்தாயம் காலியானது, அதைப் பிரித்து நல்ல பலகையை விற்றார்கள். கூலி பணமாயிற்று, கடைக்கு நெல் வருவதும் நின்றது. நெல்லுக்காகவே வகுத்த ஒரு வீட்டில் நெல் இல்லாதபோது, இரண்டாம் கட்டுக்கும் கொல்லைக்கும் காரணம் இல்லாமல் போனது. மீதியைப் பாகப்பிரிவினை முடித்தது. அகலம் குறுகிய வீட்டை அண்ணன் தம்பிகள் நீளவாக்கில் பிளந்தால் முற்றத்தின் நடுவே சுவர் எழும். வெளிச்சமும் காற்றும் இரண்டு பங்குக்கும் கிடைக்காது. குறுக்கே பிரித்து, முன்கட்டுக் கடை ஒருவருக்கு, பின்கட்டு மற்றவருக்கு என்று விட்ட இடங்களில்தான் கூடமும் முற்றமும் தப்பியிருக்கின்றன.

வெளியூரில் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். சிங்கப்பூருக்கு 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு கடைவீட்டுக்கு முன்னும் மக்கள் நடக்கக் கூரையிட்ட வழி விட வேண்டும் என்று விதித்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் பரவிய அந்த வழியை அங்குள்ள தமிழர் அஞ்சடி என்பார்கள். நாகூர், நாகப்பட்டினக் கரையிலிருந்து போன வணிகர்கள் அந்த அஞ்சடியில் கடை விரித்தவர்கள். தனியார் கட்டி, பொதுமக்கள் நடக்கும் இடம் அது. சட்டம் அதைக் காத்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அதே ஆண்டு, புதுச்சேரித் தமிழர் பகுதியில் தெருத் தாழ்வாரமும் திண்ணையுமாக நின்ற வைசியாள் வீதியை மரபுக் காப்பு அமைப்பான இன்டாக்கின் முயற்சியில் சீரமைத்த பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அங்கே முகப்பை மீட்டது பொதுப்பணம். உள்ளே குடியிருப்பவர் தன் வாழ்க்கையைத் தொடர்ந்தார். மன்னார்குடித் திண்ணையைக் காத்தது சட்டமல்ல, வழக்கம். வழக்கம் தளர்ந்ததும் கம்பிக்கதவு வந்தது, பிறகு ஷட்டர் வந்தது. தமிழகத்தில் மரபுக் கட்டிடங்களுக்கான ஆணையச் சட்டம் 2012இல் சட்டப்பேரவையில் நிறைவேறி, நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்தச் சட்டம் ஒரு மளிகைக் கடையின் பலகைக்கதவு வரை இறங்கி வருமா என்பது இனித்தான் தெரியும்.

நான் கேட்பது அருங்காட்சியகம் இல்லை. கடை கடையாகவே இருக்கட்டும், வீட்டில் ஆள் இருக்கட்டும். ஒரு தெருவின் முப்பது நாற்பது வீடுகளைப் பக்கத்துக் கட்டிடவியல் கல்லூரி மாணவர்கள் அளந்து வரைந்து வைத்தாலே அடுத்த தலைமுறைக்குப் பெரிய சொத்து. நிலைக்காடியின் ஆழம், பலகையின் எண், கூடல்வாயின் சாய்வு, பத்தாயம் நின்ற தடம், வண்டி வந்த கொல்லைச் சந்து, சேரிக்கும் கடைத்தெருவுக்கும் உள்ள தூரம் எல்லாம் அதில் வர வேண்டும். சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்களில் எஞ்சியவர்களிடம் இளையவர்கள் சிலர் சம்பளத்தோடு பழக ஒரு வழி வேண்டும். வீட்டுக்காரர் பழைய வீட்டை வைத்திருப்பதால் நஷ்டப்படக் கூடாது. வரிச்சலுகையும் ஓடு மாற்ற ஒரு சிறு மானியமும், முகப்பு ஓவியங்களைவிட அதிகம் உதவும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், இன்றே செய்யக்கூடியது தெருவின் மட்டத்தைப் பற்றியது. பழைய தார்மேல் புதிய தார் என்று ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்ததில், இரண்டு படி ஏறிப் போன வாசலுக்கு இப்போது படி இறங்கிப் போகும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. திண்ணை தரையோடு சமமானால் உட்கார இடமில்லை. மழைநீர் முற்றத்துத் தாரை வழியாகத் தெருவுக்குப் போகாமல், தெருவிலிருந்து முற்றத்துக்கு வருகிறது. நனைந்த அடிச்சுவர் நிற்காது. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும், வீடுகளின் மட்டத்தைவிடச் சாலை உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். மரபுக் கட்டிடங்களை மனதில் வைத்து வந்த உத்தரவு இல்லை அது. ஆனாலும் பெரிய கடைத்தெருவிலும் ராஜவீதிகளிலும் ஹரித்ராநதிக் கரைகளிலும் அடுத்த முறை சாலை போடும்போது நகராட்சி அதை அப்படியே கடைப்பிடித்தால், இன்னும் நிற்கும் திண்ணைகளுக்கு அவற்றின் இரண்டு படியும் மிஞ்சும்.